எங்கள் வீட்டுக் குறட்டைக்காரர்

எங்கள் குடும்பத்தில் குறட்டைக்குப் பெயர்போனவர் என் கணவர். ஈப்போவில் இருக்கும் அவருடைய தங்கை வீட்டுக்குப் போனால், சமையலறையை ஒட்டிய கடைசி அறைதான் அவருக்கு. கல்யாண வீடுகளில் எல்லோரும் வரிசையாகப் பாய் விரிக்கும்போது அவரை மட்டும் வாசல் பக்கம் தள்ளிவிடுவார்கள். பெண்களோடு படுக்காமல் நானும் அவர் கூடவே போய்விடுவேன். இப்படி ஒரு மனைவி வாய்க்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று என் காதுபடவே பேசியிருக்கிறார்கள்.

உண்மையில் குறட்டை விடுவது நான்.

கல்யாணமான புதிது. மாமியார் வீட்டில் ஒரு காலை, ராத்திரி எந்த அறையில் லாரி ஓடியது என்று நாத்தனார் சிரித்துக்கொண்டே கேட்டாள். கையில் வைத்த மருதாணிகூட எனக்கு அழியவில்லை. நான் வாயைத் திறப்பதற்குள் அவர், "நான்தான்" என்று சொல்லிவிட்டுத் தோசையைப் பிட்டார். அன்றோடு முடிந்திருக்க வேண்டிய பொய். முப்பது வருஷம் ஓடிவிட்டது. இஞ்சி, மிளகுக் கஷாயம், மூக்கில் இரண்டு சொட்டு நல்லெண்ணெய் என்று தங்கை அன்போடு சொன்ன வைத்தியம் ஒன்றையும் அவர் தட்டியதில்லை. அவர் சாப்பிட்டதில் எனக்குத்தான் எதுவும் குணமாகவில்லை.

எனக்கு வேலை கடல் பாலத்தைத் தாண்டி பத்து காவான் என்ற ஊரில், ஒரு தொழிற்சாலையில் தரம் பார்க்கும் பிரிவில். போன வருஷம் ஒரு காலை, பாலத்தில் கார் ஓட்டிக்கொண்டிருக்கும்போதே கண் சொருகிவிட்டது. பின்னால் வந்த லாரிக்காரர் ஹாரனை அழுத்தியிராவிட்டால் இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன். மறுநாளே அவர் என்னை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனார். உடம்பெல்லாம் ஒயர் ஒட்டிப் படுக்க வைத்துப் பார்த்த டாக்டர், தூக்கத்தில் என் தொண்டை அடைத்து மூச்சு நின்று நின்று வருகிறது என்றார். ராத்திரி முழுக்க அப்படித்தானாம். மூக்கு வழியாகக் காற்றை ஊதித் தொண்டையைத் திறந்து வைக்கும் மெஷினைத் தினமும் மாட்டிக்கொண்டு படுக்கச் சொன்னார்.

மெஷின் ஒரு செருப்புப் பெட்டி அளவுதான். அதிலிருந்து ஒரு குழாய், குழாயின் முனையில் முகமூடி, முகமூடியை இறுக்கத் தலையைச் சுற்றி வார். முதல் நாள் படுத்ததும் வார் வழுக்கிக்கொண்டு பின்மண்டைக்குப் போய்விட்டது. காற்று பக்கவாட்டில் புர்ர் என்று கிளம்பி என் கண்ணிலேயே அடித்தது. ஒரு வாரம் போராடிவிட்டு கிளினிக்குக்கு எடுத்துப் போனேன். அங்கிருந்த சீனப் பெண் வாரைத் தொட்டுப் பார்த்துவிட்டு, படுப்பதற்கு முன் எதையாவது பொரிப்பீர்களா என்று மலாயில் கேட்டாள். ராத்திரி ராத்திரி தலையில் தேங்காய் எண்ணெய் தேய்த்துப் பின்னிக்கொண்டு படுக்கும் விஷயத்தை அவளுக்குப் புரியவைக்கப் பத்து நிமிஷம் ஆனது.

எண்ணெயை விட்டுவிட்டேன். விபூதியை விட முடியவில்லை. சிறு வயதிலிருந்தே படுக்கும் முன் நெற்றி நிறையப் பூசிக்கொண்டு பழக்கம். அது உதிர்ந்து முகமூடிக்குள் விழும், மெஷின் அதை அப்படியே மூக்குக்குள் ஏற்றும். முகமூடிக்குள்ளேயே தும்மிப் பார்த்தவர்களுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும். கடைசியில் நெற்றியை விட்டுவிட்டுத் தொண்டையில் பூசிக்கொள்ள ஆரம்பித்தேன். அடைப்பு அங்கேதானே இருக்கிறது, முருகனுக்கும் சுலபம் என்று சமாதானம் செய்துகொண்டேன். மூன்றாவது வாரம் ஒரு காலை, அலாரம் அடிக்கும் முன்பே கண் விழித்தேன். தலை கனக்கவில்லை. இத்தனை வருஷம் நான் தூக்கம் என்று நினைத்தது தூக்கமே இல்லை என்று தெரிந்தபோது சந்தோஷமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது.

பள்ளி விடுமுறைக்கு நாத்தனார் வந்தாள். எங்கள் குடும்பத்தில் யாரும் கதவைத் தட்டுவதில்லை. காப்பியோடு அவள் உள்ளே வந்தபோது நான் குளியலறையில் இருந்தேன். அவர் கட்டிலில் உட்கார்ந்து என் குழாயைத் துடைத்துக்கொண்டிருந்தார். இது என்ன என்று அவள் கேட்க, முப்பது வருஷப் பழக்கத்தில், எனக்குத்தான் என்று அவர் சொல்லிவிட்டார். அதோடு நிற்காமல் மாட்டியும் காட்டினார். நான் வெளியே வரும்போது முகமூடியைத் தலைகீழாக மாட்டிக்கொண்டு, பேச வாய் திறக்கிற ஒவ்வொரு முறையும் வாய்வழியாகக் காற்று சீறிக்கொண்டு வர, பாவமாக உட்கார்ந்திருந்தார்.

நாத்தனார் சிரிக்கவில்லை. அழுதாள். அவர்களுடைய அப்பா தூக்கத்திலேயே போனவர். அண்ணனுக்கு மூச்சு நிற்கிறது என்று கேட்டதும் அவளுக்கு அந்த ஞாபகம். அப்போதே நான் சொல்லியிருக்க வேண்டும். கண்ணைத் துடைத்துக்கொள்ள என் ஈரத் துண்டை நீட்டினேன்.

ஊருக்குப் போனவள் அடுத்த வாரம் போன் செய்தாள். அண்ணன் மூச்சுக்காகத் தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் படியேறிப் பால்குடம் எடுப்பதாக வேண்டிக்கொண்டாளாம், விரதமும் ஆரம்பித்துவிட்டாளாம். எங்கள் வீட்டு வாசலில் இருக்கும் இரண்டு படியையே முட்டியைப் பிடித்துக்கொண்டு ஏறுகிறவள் அவள். உண்மையைச் சொல்லிவிடுங்கள் என்று இவரைக் கெஞ்சினேன். குறட்டை உன்னுடையது, நீதான் சொல்ல வேண்டும் என்று ஒதுங்கிக்கொண்டார். தினமும் பாலத்தில் போகும்போது சத்தமாகச் சொல்லிப் பழகினேன். காரில் நன்றாகவே வந்தது. போனை எடுத்தால், சாப்பிட்டாயா என்பதற்கு மேல் வரவில்லை. குறட்டை விடுவதுகூட எனக்கு வெட்கமில்லை. முப்பது வருஷமாக அவளை ஏமாற்றியதுதான் தொண்டையில் நின்றது.

தைப்பூசத்தன்று காலை மலையடிவாரத்தில் நாத்தனார் மஞ்சள் சேலையில் வரிசையில் நின்றாள். குடத்தைத் தூக்கித் தலையில் வைக்கும் முன் ஐயர் பெயரும் நட்சத்திரமும் கேட்டார். அவள் அண்ணன் பெயரைச் சொன்னாள், ரோகிணி என்றாள். இந்த முட்டியோடு இவள் ஏறப்போகிறாள், வேண்டுதல் தப்பான விலாசத்துக்குப் போகப்போகிறது.

"ஐயரே, கொஞ்சம் இருங்க" என்றேன். அவள் பக்கம் திரும்பினேன். "நட்சத்திரத்த மாத்தணும்மா. கொறட்ட விடுறது உங்கண்ணன் இல்ல. நான்தான். முதல் நாள்லேர்ந்து நான்தான். மெஷினும் எனக்குத்தான்."

பின்னால் நின்றவர்கள் நெருக்கினார்கள். எந்த நட்சத்திரமானாலும் சீக்கிரம் சொல்லுங்கள் என்றார் ஐயர். நாத்தனார் என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு ஐயரிடம் என் பெயரைச் சொல்லி, "பூரம்" என்றாள். என் நட்சத்திரம் அவளுக்கு ஞாபகம் இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

குடத்தைத் தலையில் வைத்துக்கொண்டு ஏற ஆரம்பித்தாள். ஒரு பக்கம் நான், மறு பக்கம் அவர். வழி நெடுக அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பாதிப் படியில் மூச்சு வாங்க நின்றவள் அவரிடம் கேட்டாள்.

"அப்ப இத்தன வருஷமா நீ எப்படிண்ணே தூங்குன?"

எனக்கு ஒரு நாளும் கேட்கத் தோன்றாத கேள்வி அது. அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"சத்தம் கேட்டா தூங்கிருவேன்லா. நின்னாத்தான் முழிச்சுக்குவேன். திரும்பி வர்ற வரைக்கும் உக்காந்திருப்பேன்."

ராத்திரி முழுக்க அப்படித்தான் என்று டாக்டர் சொன்னது எனக்கு ஞாபகம் வந்தது. அத்தனை தடவையும் இந்த மனிதர் எழுந்து உட்கார்ந்திருக்கிறார். காலையில் என்னைவிட முன்னால் எழுந்து எனக்கு மைலோ கலக்கியிருக்கிறார். என்னால் மேலே ஏற முடியவில்லை. படியிலேயே உட்கார்ந்து அழுதேன்.

"அழுவுறத அப்புறம் வச்சுக்குங்க அண்ணி" என்றாள் நாத்தனார். "தலையில பால் இருக்கு, ரொம்ப நேரம் நிக்க முடியாது. கீழ எறங்குனதும் உங்க ரெண்டு பேரையும் திட்டணும் வேற."

எழுந்து நடந்தேன்.