டவருக்குப் பூஜை போட்ட நாள்

புது டவரின் நான்கு சக்கரங்களுக்கு முன்னாலும் எலுமிச்சம்பழம் வைத்திருந்தோம். குழாய்களில் சந்தனம், குங்குமம். சூடத் தட்டு என் கையில். உச்சியில் மாலை கட்ட ஏறிய என் மச்சினன் இறங்காமல் அங்கேயே நின்றுகொண்டு, “தள்ளுங்கப்பா, சாமி ஊர்வலம் போகட்டும்” என்றான்.

சோமனூர் பக்கம் ஒரு நூல் மில் அது. நாங்கள் பெயிண்ட் அடிக்கிறவர்கள். கூரைக் கம்பிகளுக்கு அடிக்க, சாரம் மாதிரி ஏறி நின்று வேலை செய்கிற, சக்கரம் வைத்த அலுமினிய டவர் ஒன்றை மில்லில் வாங்கினார்கள். அதில் வேலை செய்யப் பழக்க ஒரு அம்மணியை வரவழைத்தார்கள். கோட்டைமேட்டுக்காரர், என் மகள் வயதுதான் இருக்கும். முக்காட்டுக்கு மேல் ஹெல்மெட் போட்டிருந்தார். காலையில் பாடம் ஆரம்பித்ததுமே மச்சினன் வாயைத் திறந்துவிட்டான்.

“ஏனுங்க அம்மணி, நாலடி உசரப் பலகையில ஏறக்கூடப் பாடமுங்களா? நாங்க தென்னமரத்துலயே தூங்குவமுங்க.”

எல்லோரும் சிரித்தோம். அவரும் சிரித்தார். “தூங்குங்கண்ணா. நாலடியில இருந்து உழுந்தாலும் தலை தலைதானுங்க.”

பிரேக்கைப் பூட்டிவிட்டு ஏற வேண்டும், உள் ஏணியில்தான் ஏற வேண்டும் என்றார். ஆள் மேலே இருக்கும்போது டவரை நகர்த்தவே கூடாது என்றார். இதுதான் எங்களுக்குக் கசந்தது. மேலே நிற்பவன் கூரைக் கம்பியைப் பிடித்து இழுக்க, கீழே இருப்பவன் தள்ள, அப்படியே போவதுதான் எங்கள் வழக்கம். ஆனாலும் தலையாட்டினோம். மத்தியானம் அவர் சாப்பிடப் போனதும் பூஜைக்கு ஏற்பாடு நடந்தது. அவர் சொன்னது வேலைக்கு, இது பூஜைதானே என்றுதான் எல்லோருக்கும் நினைப்பு. எனக்கும் அப்படித்தான். பழம் வைக்க இடைஞ்சல் என்று, டவர் சாயாமல் தாங்குகிற பக்கவாட்டுக் கால்களையும் மடக்கிவிட்டார்கள்.

தள்ளினார்கள். பழம் நசுங்கியது. கை தட்டினார்கள். அந்த மில்லில் தரைக்கடியில் காற்றுக் கால்வாய் ஓடுகிறது, மேலே சிமெண்ட் மூடி. ஒரு சக்கரம் ஏறியதும் மூடி உடைந்து, சக்கரம் உள்ளே இறங்கியது. டவர் சாய்ந்து, என்ன நினைத்ததோ, அப்படியே நின்றது. மச்சினன் இறங்கப் பார்த்து, கைப்பிடிக் கம்பிக்கு வெளியே ஒரு காலைப் போட்டுவிட்டான். அவன் வெளிப்பக்கம் தொங்கினால் டவர் அவனோடு வந்துவிடும். எல்லோரும் கத்தினோம்.

“யாரும் கத்தாதீங்க. சாயற பக்கம் இருக்கறவங்க தள்ளிப் போங்க.”

அம்மணி வாசலில் நின்றார். ஓடவில்லை, நடந்துதான் வந்தார். மேலே பார்த்து, கைக்குழந்தையிடம் பேசுகிற குரலில் சொன்னார்.

“அண்ணா, காலை உள்ள எடுங்க. பலகை நடுவுல உட்காருங்க. இது தென்னமரம் இல்லீங்க, தூங்கிப்போடாதீங்க.”

அந்த நேரத்திலும் அவனுக்குச் சிரிப்பு வந்தது. காலை உள்ளே எடுத்தான், உட்கார்ந்தான். எங்களை விலகச் சொன்ன பக்கத்துக்கு, சாய்ந்து நின்ற அந்த டவருக்கு நேர் கீழே, அவர் போனார். மடக்கியிருந்த பக்கவாட்டுக் காலை விரித்தார், தரையில் ஊன்றினார், திருகாணியை இறுக்கினார். பிறகு அடுத்த காலையும் அப்படியே செய்தார். அவசரமே இல்லை. கோயிலில் விளக்கேற்றுகிறவரைப் பார்ப்பதுபோல் நான் பார்த்துக்கொண்டு நின்றேன். சூடம் எப்போது அணைந்தது என்று தெரியாது.

மச்சினன் பலகையில் இருந்த கதவைத் திறந்து உள் ஏணி வழியாக இறங்கினான். தரையில் கால் பட்டதும் உட்கார்ந்துவிட்டான். அம்மணி தண்ணீர் வாங்கிக் குடித்தார். யாரையும் திட்டவில்லை.

“பூஜை தாராளமா போடுங்க. மேல ஆள் இல்லாம போடுங்க.”

நான் பக்கத்தில் போய், “சாயற பக்கம் போகக் கூடாதுன்னு எங்களுக்குச் சொன்னீங்களே, நீங்க போனீங்களே” என்றேன்.

“அதைப் பாடத்துல சொல்லித் தரமாட்டேனுங்க.”

“பயமில்லீங்களா?”

“இருந்துச்சுங்கண்ணா. அதனாலதான் மெதுவா செஞ்சேன்.”

உயரத்தில் வேலை செய்தே வயதாகிவிட்டது எனக்கு. தைரியம் என்றால் பயமில்லாதது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். மச்சினன் இப்போதும் என்னோடு பல்லடம் பக்கம் வேலை செய்கிறான். சாயங்காலம் அவன் உள் ஏணியில் ஒவ்வொரு படியாக இறங்குகிறான். கூட வேலை செய்கிற பையன்கள், “சீக்கிரம் வாங்க மாமா, பஸ் போயிரும்” என்று கேலி செய்கிறார்கள். “போகட்டும், அடுத்த பஸ் வரும்” என்கிறான்.