பதினொன்றாம் நம்பரும் என் நாற்காலியும்

எங்கள் பக்கத்து வீட்டு ரான் காலையில் என்னைப் பார்த்தால் குட்மார்னிங் சொல்வதில்லை. "அம்மா, நோ பிக் மேன்" என்பார். நானும் தலையை ஆட்டி "நோ பிக் மேன்" என்பேன். அமெரிக்காவில் மகள் வீடு இருக்கிற பிஸ்கட்டவேயில் எங்கள் தெருவுக்குக் குப்பை வண்டி வருவது வியாழக்கிழமை. ஆளுக்கொரு தொட்டியைத் தெருவோரத்துக்கு உருட்டிக்கொண்டு வந்து, பனி பெய்தாலும் சரி, காது விறைத்தாலும் சரி, ஒரு நிமிடம் நின்று இதைச் சொல்லிவிட்டுத்தான் உள்ளே போவோம். எங்கள் ஊர்க் காலேஜ் பாஸ்கட்பால் டீமில், கூடைக்கு அடியில் நின்று பந்தைப் பிடிக்க உயரமான ஆள் சரியாக அமையவில்லை என்பதுதான் அவருடைய காலை வணக்கம். அவர் பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். பஸ் ஓட்டிய காலத்தைவிட அந்த டீம் தோற்பதைப் பார்த்த காலம்தான் அதிகம் என்று மாப்பிள்ளை சொல்வார். நம் ஊரில் பக்கத்து வீட்டுக்காரர் "சாப்டாச்சுங்களா" என்று கேட்டால், சாப்பிடாமலே "ஆச்சுங்க" என்போம் அல்லவா, அது மாதிரிதான் இதுவும். இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு குளிர்காலம் முழுக்க ஆயிற்று.

நான் அஞ்சாவதோடு நின்றவள். பேச்சும் எனக்குக் குறைச்சல். விருந்தாளி வந்தால் காப்பியை வைத்துவிட்டு அடுப்படிக்குள் போய்விடுவேன். அப்படிப்பட்டவள் எட்டாயிரம் பேர் நடுவில் போய் உட்கார்ந்தது மகள் பூங்கொடியால்தான். ரான், என் மாப்பிள்ளை, அவருடைய சிநேகிதர் ஜமால், பூங்கொடி, நான்கு பேரும் சேர்ந்து அடுத்தடுத்து நான்கு நாற்காலிக்கு சீசன் டிக்கெட் வைத்திருந்தார்கள். சீசன் டிக்கெட் என்றால் அந்த வருடத்து ஆட்டம் முழுக்க அந்த நாற்காலி நம்முடையது, வேறு யாரும் உட்கார முடியாது. பூங்கொடிக்கு ஆஸ்பத்திரியில் சனி ஞாயிறு டூட்டி போட்டுவிட்டார்கள். "சீட்டு சும்மாதானே கிடக்குது, அத்தை வரட்டும்" என்றார் மாப்பிள்ளை. போனேன். சேலைக்கு மேலே கோட்டு, அதற்கு மேலே ஜமால் கொடுத்த டீம் தொப்பி. கண்ணாடியில் பார்க்கவில்லை, பார்த்திருந்தால் போயிருக்க மாட்டேன்.

உள்ளே நுழைந்ததும் அந்தச் சத்தம் எனக்குப் பழகின சத்தமாக இருந்தது. பள்ளிபாளையத்தில் நான் தறிப்பட்டறையில் தார் சுற்றினவள், தறிக்கு நூலைக் குச்சியில் சுற்றித் தருகிற வேலை. இருபது தறி சேர்ந்து ஓடினால் பக்கத்தில் இருப்பவள் பேசுவது கேட்காது, உதட்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அந்தச் சத்தத்துக்குள் உட்கார்ந்துகொண்டு நான் வாய்விட்டுப் பாடுவேன். வீட்டில் முணுமுணுக்கக்கூட மாட்டேன், அங்கே தொண்டை கிழியப் பாடுவேன். யாருக்குக் கேட்கப் போகிறது. திடீரென்று கரண்ட் போய்த் தறியெல்லாம் ஒன்றாக நின்றுவிட்டால்தான் வம்பு. என் பாட்டு மட்டும் தனியாக நடுவில் தொங்கும். எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். நான் தார்க்குச்சியைத் தேடுகிற மாதிரி குனிந்துகொள்வேன். அந்த ஸ்டேடியத்தில் கரண்ட் போவதில்லை. முதல் நாள் பாதி ஆட்டத்திலேயே, நம் ஆள் பந்தோடு கூடையைப் பார்க்க ஓடும்போது "போடு சாமி, போடு" என்று கத்திவிட்டேன். ரான் என்னைப் பார்த்தார். அடுத்த முறை அவரும் "போடு சாமி" என்றார். அன்றைக்கும் தோற்றோம்தான். ஆனால் வீட்டுக்கு வந்து இரண்டு தட்டு சோறு சாப்பிட்டேன்.

தோற்ற அடுத்த நாள் எங்கள் கராஜில் கூட்டம் கூடும். மூன்று ஆண்களும் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்து, டீமில் யார் இருப்பார், யார் போவார், யாரைக் கொண்டு வருவது என்று பேசுவார்கள். நான் போண்டாவை வைத்துவிட்டு வாஷிங் மெஷின் பக்கத்தில் துணி மடிக்கிற மாதிரி நிற்பேன். ஆறு துணியை ஒரு மணி நேரம் மடித்திருக்கிறேன். வசந்தம் வந்தால் போர்ட்டல் என்று ஒன்று திறக்குமாம். விளையாடுகிற பையன் இந்தக் காலேஜ் பிடிக்கவில்லை என்று அதில் பெயர் எழுதிவிட்டால், மற்ற காலேஜ்கள் வந்து அவனைக் கூப்பிடுமாம். போன வருடம் ஐந்து பேர் போய்விட்டார்கள். பெயர் என் வாயில் நுழையாது, சட்டை நம்பரைத்தான் மனதில் வைத்திருப்பேன். நம்பரும் பழகுவதற்குள் ஆள் மாறிவிடுகிறான்.

"முப்பத்துநாலு போயிடுவான் மச்சான். இருக்கிறதே ஒரு உயரமான ஆளு, அவனும் போயிடுவான்" என்பார் ஜமால். அவர் கீழக்கரைக்காரர், மருந்துக் கம்பெனியில் வேலை. நல்லது நடக்கும் என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை.

"உன் வாயில நல்லதே வராதாடா? அடுத்த வருஷம் காலேஜ் சேரப்போற அந்த உயரமான ஹைஸ்கூல் பையன் நம்மகிட்ட வந்தான்னா எல்லாம் சரியாயிடும்" என்பார் மாப்பிள்ளை.

"அவனைப் பத்து காலேஜ் கூப்பிடுது. நம்மகிட்ட என்னத்தைப் பார்த்து வருவான், ஸ்கோர்போர்டையா?"

ரான் போண்டாவைப் பிட்டபடி, "அவன் வரலைன்னா நான் டிக்கெட்டைப் புதுப்பிக்கப் போறதில்லை. கிழவனாயிட்டேன், டிவியில பார்த்துக்கறேன்" என்றாராம். மாப்பிள்ளை எனக்குத் தமிழில் சொன்னபோது மடித்துக்கொண்டிருந்த துண்டு கையிலேயே நின்றுவிட்டது. நான்கு நாற்காலியும் ரான் பேரில்தான். அவர் விட்டால் என் நாற்காலியும் போச்சு. எனக்கு அது வேண்டும் என்று வாய் வரைக்கும் வந்தது. வெளியே வரவில்லை. துண்டை மடித்தேன்.

இந்தக் கராஜ் பேச்சு எனக்குப் புதிதில்லை. எங்கள் பக்கம் சம்பந்தம் பேசுவதற்கு முன்னால் விசாரிப்பு என்று ஒன்று உண்டு. மாப்பிள்ளை வீட்டு ஊரில் நாலு பேரிடம் பக்குவமாகக் கேட்டுவர ஆள் அனுப்புவார்கள். சொந்தத்தில் எந்த விசாரிப்பு என்றாலும் என்னையும் கூட்டிக்கொண்டு போவார்கள். பேசாதவள் பக்கத்தில் இருந்தால் மற்றவர்கள் தாராளமாகப் பேசுவார்களாம். நான் பேச்சைவிட ஆளைத்தான் பார்ப்பேன். பந்தியில் உட்கார்ந்தால் பையன் தன் இலையை மட்டும் பார்க்கிறானா, பக்கத்து இலையில் சோறு தீர்ந்ததையும் பார்க்கிறானா என்று பார்ப்பேன். அதே கண்ணோடுதான் டீம் பெஞ்சையும் பார்த்துக்கொண்டிருந்தேன். முப்பத்துநாலு, வெளியே வந்து உட்கார்ந்ததும் துண்டைத் தலையில் போட்டுக்கொள்வான். பதினொன்று குள்ளமான பையன், அவனை அதிகம் இறக்கவே மாட்டார்கள். ஆனால் யார் கீழே விழுந்தாலும் பெஞ்சிலிருந்து முதலில் எழுந்திருப்பவன் அவன். யாருக்குத் தண்ணீர் வேண்டும் என்று கேட்காமலே கொண்டுபோய்க் கொடுப்பான். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

பிப்ரவரியில் ஒரு ஆட்டத்துக்கு அந்த ஹைஸ்கூல் பையனே வந்திருந்தான். காலேஜ்காரர்கள் அழைத்து வந்து முன்வரிசையில் உட்கார வைத்திருந்தார்கள். "அத்தை, அங்க பாருங்க, அதுதான் அவன். பக்கத்துல ஊதா ஸ்வெட்டர் போட்டவங்க அவன் அம்மா" என்று மாப்பிள்ளை காட்டினார். பையன் உட்கார்ந்திருக்கும்போதே பக்கத்தில் நிற்பவர் உயரம் இருந்தான். ஜமால் கண்ணை மூடிக்கொண்டு ஏதோ ஓதினார். பாதி ஆட்டத்தில் விடுகிற இடைவேளையில் நான் பாத்ரூம் வரிசைக்குப் போனேன். எனக்கு முன்னால் ஊதா ஸ்வெட்டர் நின்றது.

சம்பந்தம் பார்க்க வந்த வீட்டுக்காரி வாயில் ஒன்றும் போடாமல் திரும்பக் கூடாது. இதை யாரும் எனக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. வெளிச் சாப்பாடு உள்ளே விடமாட்டார்கள்தான், ஆனால் என் கோட்டின் உள்பையை யாரும் இதுவரை பார்த்ததில்லை. எள்ளுருண்டை ஏழு இருந்தது. பையோடு அவள் கையில் வைத்தேன். "யுவர் சன். குட் பாய். ஈட்" என்றேன். அவள் ஒரு நிமிடம் திகைத்துவிட்டு ஒன்றை வாயில் போட்டாள். கண்ணை அகல விரித்து இன்னொன்றையும் போட்டாள். பிறகு மைதானத்துப் பக்கம் கையைக் காட்டி என்னவோ கேட்டாள். வார்த்தை பாதிக்கு மேல் புரியவில்லை. ஆனால் முகம் புரிந்தது. பிள்ளையை ஒரு வீட்டுக்கு அனுப்பப் போகிற தாய் கேட்கிற கேள்வி ஒன்றுதானே. விசாரிப்பில் நான் பொய் சொன்னதில்லை. "டீம் லூஸ். எவ்ரி டே லூஸ். பட் லெவன் குட் பாய். லெவன் லுக் யுவர் சன்" என்றேன். பதினொன்று உன் பையனைப் பார்த்துக்கொள்வான் என்று அர்த்தம். அவள் என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். பெருமையோடு என் நாற்காலிக்கு வந்து, நடந்ததைச் சொன்னேன்.

மாப்பிள்ளை முகத்தில் ரத்தமே இல்லை. "ஏனுங்க அத்தை, கையிலயே குடுத்துட்டீங்களா?"

"ஏழு உருண்டைங்க மாப்பிள்ளை. அதுல என்ன இருக்குது?"

"டிக்கெட் வெச்சிருக்கறவங்க, வரப்போற பையனுக்கோ அவங்க வீட்டுக்கோ ஒண்ணுமே குடுக்கக் கூடாதுங்க. சட்டம். பேசவே கூடாது. டீமுக்குத்தான் வம்பு வரும்."

ஜமால் நடுவில் புகுந்தார். "அதை விடு மச்சான். ஆன்ட்டி, எவ்ரி டே லூஸ்னா சொன்னீங்க?"

"தோக்குதுன்னு சொன்னேன். அது அவங்களுக்குத் தெரியாதா?"

ரானுக்கு மாப்பிள்ளை எல்லாவற்றையும் சொன்னார். அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். துக்க வீடு மாதிரி இருந்தது. அப்புறம் அவருடைய தோள் குலுங்க ஆரம்பித்தது. அழுகிறார் என்றே நினைத்தேன். சிரிக்கிறார். சிரித்துச் சிரித்து இருமி, "வாழ்நாள் முழுக்க இந்த டீமைப் பார்த்தும் இப்படி ஒரு சட்டத்தை நான் மீறினதில்லை. இந்த டீமுக்காக முதல் தப்பை அம்மா பண்ணிட்டாங்க" என்றாராம்.

மறுநாள் காலேஜின் சட்டதிட்ட ஆபீசுக்கு மாப்பிள்ளை ஈமெயில் எழுதினார். எள்ளுருண்டைக்கு ஆங்கிலத்தில் நான்கு வரி விளக்கம். பதில் வருகிற வரைக்கும் மாப்பிள்ளை போனைக் கையில் எடுத்தாலே அடுப்படியிலிருந்து எட்டிப் பார்ப்பேன். வாழ்நாளில் தெரியாத ஆளிடம் நானாக வாயைத் திறந்தது ஒரு தடவை. அதிலே என் நாற்காலியை நானே உடைத்துவிட்டேனே என்று இருந்தது. நான்காம் நாள் பதில் வந்தது. தெரிவித்ததற்கு நன்றி, இதில் நடவடிக்கை ஒன்றும் இல்லை, இனிமேல் தயவுசெய்து கொடுக்க வேண்டாம் என்று. ஜமால் அதை அச்சடித்து எங்கள் ஃபிரிட்ஜில் ஒட்டிவிட்டார்.

ஏப்ரலில் அந்தப் பையன் முடிவைச் சொன்னான். தெற்கே எங்கேயோ ஒரு காலேஜ். அதே வாரம் முப்பத்துநாலும் போர்ட்டலில் பெயர் எழுதிவிட்டான். கராஜில் அன்றைக்குப் போண்டா தொடுவாரில்லை. "உருண்டை பத்தலை ஆன்ட்டி. அதிரசம் குடுத்திருக்கணும்" என்றார் ஜமால். ரான் எழுந்து, டிக்கெட்டைப் புதுப்பிக்க வெள்ளிக்கிழமை கடைசி நாள், நான் விட்டுவிடுகிறேன் என்றார். மாப்பிள்ளையும் "சரி, விட்டுடலாம்" என்றார். அந்த "சரி"தான் எனக்குச் சுருக்கென்றது.

வாஷிங் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. சரியாக அந்த நேரம் பார்த்து அது சுற்றி முடித்து நின்றது. "எனக்கு என் சீட்டு வேணும்" என்று நான் சொன்னது அந்த அமைதியில் தனியாகக் கேட்டது. மூன்று பேரும் திரும்பினார்கள். குனிந்துகொள்ள ஒரு துணிகூடக் கையில் இல்லை.

"அத்தை?" என்றார் மாப்பிள்ளை.

"பதினொன்னு போகமாட்டான். அவன் எளையவங்களைப் பார்த்துக்கறான். அவன் இருக்கற வரைக்கும் புதுசா வர்ற பசங்க ஒண்ணு ரெண்டாச்சும் நிப்பாங்க. தோத்தாலும் நான் பார்ப்பேன். நீங்க மூணு பேரும் வரலைன்னா பரவால்லீங்க, என்னை மட்டும் கொண்டுபோய் விட்டுடுங்க."

மகள் வீட்டுக்குப் போன ஆறு வருடத்தில் அவர்கள் முன்னால் நான் பேசிய மிக நீளமான பேச்சு அது. மாப்பிள்ளை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னார். ரான் என் பக்கம் திரும்பினார். "லெவன்?" என்றார். "லெவன்" என்றேன். அவர் தட்டிலிருந்து ஆறிப்போன போண்டா ஒன்றை எடுத்துக் கடித்துக்கொண்டு, இன்னொரு கையால் போனை எடுத்தார். நான்கு நாற்காலியும் அப்போதே புதுப்பித்தாயிற்று. "ஒரு ஸ்கவுட்டைக் கராஜ்லயே வெச்சுக்கிட்டு, ஆறு வருஷமா போண்டா கேட்டிருக்கோம்டா" என்றார் ஜமால். ஸ்கவுட் என்றால் ஆள் பார்த்துச் சொல்கிறவராம். அட, விசாரிப்புக்குத்தான் அங்கே அந்தப் பேர்.

ஜூனில் வழக்கம்போல மகனைப் பார்க்கப் பள்ளிபாளையம் வந்தேன். இதை இங்கே இருந்துதான் எழுதுகிறேன். "இந்தத் தடவை இங்கயே இருந்துக்கம்மா. அங்க உனக்கு என்ன இருக்குது?" என்று மகன் கேட்டான். ஒவ்வொரு வருடமும் கேட்பான், நானும் சிரித்து மழுப்புவேன். இந்தத் தடவை, "ஒரு நாற்காலி இருக்குது சாமி" என்றேன். அவனுக்குப் புரியவில்லை. அவன் பக்கத்தில் உட்கார்ந்து தோளைத் தடவிக்கொடுத்தேன். அவன் கேட்டதிலும் தப்பில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இங்கே பள்ளிக்கூட மைதானத்தில் பெண் பிள்ளைகள் கபடி நடந்தது. மகனோடு போய்க் கயிற்றுக்குப் பக்கத்தில் நின்றேன். கடைசி ஆட்டம். எதிர் ஊர்ப் பிள்ளை பாடிக்கொண்டு நம் பக்கம் ஏறி வருகிறாள், நம் பிள்ளைகள் நான்கு பேர் கை கோத்து நிற்கிறார்கள். கூட்டமே மூச்சை அடக்கி நின்றது. எதிராளி பந்தோடு ஏறி வரும்போது அங்கே எட்டாயிரம் பேரும் கைதட்டிக் கத்துகிற மாதிரி, எனக்குக் கை தானாகத் தட்ட ஆரம்பித்தது. "டிஃபென்ஸ், டிஃபென்ஸ்" என்று கத்திவிட்டேன். கரண்ட் போன பட்டறையில் என் பாட்டு தொங்கின மாதிரி அது மைதானத்தின் நடுவில் தனியாகத் தொங்கியது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மகன் சட்டையின் மேல்பொத்தானைப் போட்டுக்கொண்டான். நான் குனியவில்லை. பிஸ்கட்டவேயில் நான் இல்லாத வியாழக்கிழமைகளில் ரான் குப்பைத்தொட்டிக்குப் பக்கத்தில் நின்று யாரிடம் "நோ பிக் மேன்" சொல்கிறாரோ என்று ஒரு நொடி நினைத்தேன். நம் பிள்ளைகள் அவளை மடக்கிப் பிடித்தார்கள். இன்னும் பலமாகக் கைதட்டி இன்னொரு முறை கத்தினேன்.