இஸ்திரி போட்ட வெள்ளைக் கோட்டு

என் தம்பி பெண்டாட்டிக்கு வாய் நீளம். அந்த வாய்க்கு வரி போட்டிருந்தால் ஊரில் எல்லாச் சாலையையும் புதிதாகப் போட்டிருக்கலாம். வேண்டாம் என்று முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினால், "கதவு நல்லா இருக்கே, எங்க வாங்குனீங்க?" என்று கேட்டே மறுபடி திறக்க வைத்துவிடுவாள். தலையில் கூடையோடு பிளாஸ்டிக் குடம், சீப்பு, கொண்டை ஊசி என்று தெருத்தெருவாக விற்றாள். வேலைக்கென்று வெளியூர் போன என் தம்பி, போனவன் போனவன்தான். நாங்கள் இருவரும் ஒரே வீட்டில் ஒண்டிக்கொண்டோம். வாசலையொட்டி என் தையல் மெஷின். அதில் உட்கார்ந்தால் எதிரே இஸ்திரி வண்டியும் தெருவும் முழுசாகத் தெரியும். "அண்ணி துணியைத் தைக்கறாங்களா, தெருவைத் தைக்கறாங்களான்னே தெரியல" என்று கிண்டல் செய்வாள்.

அவளைத் தேடி ஒரு கம்பெனியிலிருந்து ஆள் வந்தது. ஒல்லிப் பிள்ளைகளைத் தேற்ற ஒரு பசை செய்கிறார்களாம். கடலை, பால்மாவு, எண்ணெய், இன்னும் என்னென்னவோ சத்தெல்லாம் சேர்த்து அரைத்துப் பாக்கெட்டில் அடைத்தது. விலையும் குறைவாகத்தான் வைத்திருந்தார்கள். "ஆஸ்பத்திரில சும்மா குடுக்கறது சந்துக்குள்ள வந்து சேரமாட்டேங்குதும்மா. உங்க காலு எல்லாச் சந்துக்கும் போகுது. வியாபாரத்துக்கு வியாபாரம், புண்ணியத்துக்குப் புண்ணியம்" என்றார் மேனேஜர். நல்ல மனுஷன்தான். கூடை தூக்கும் பெண்களை ஒரு கூடத்தில் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். இது சாப்பாடு, பிள்ளை ஒரு நாளைக்கு ஒரு பாக்கெட்டை முழுசாகத் தின்ன வேண்டும், மிச்சம் வைக்கக் கூடாது.

ஒருத்திகூட வாங்கவில்லை. கதவு, ஜன்னல், அடுப்பு என்று எதைப் புகழ்ந்து பார்த்தும் பலிக்கவில்லை. ஒரு வீட்டில் துடைப்பத்தையே தூக்கிவிட்டார்கள்.

"அண்ணி, பிள்ளை எலும்பும் தோலுமா கெடக்கு. இது சாப்பாடு, குடுங்கன்னா, 'ஏன், எம் பிள்ளைக்குச் சோறு போட எனக்கு வக்கில்லையா'ன்னு சண்டைக்கு வராங்க. நான் என்னத்தச் சொல்ல?" என்று மூக்கைச் சிந்தினாள்.

அவர்கள் கேட்டதிலும் என்ன தப்பு? பெற்றவளிடம் போய், உன் பிள்ளை பட்டினி என்று சொன்னால் எவள் பொறுப்பாள்? நானாயிருந்தால் துடைப்பத்தோடு விட்டிருக்க மாட்டேன்.

இந்தச் சமயத்தில்தான் கம்பெனி எல்லாருக்கும் ஒரு வெள்ளைக் கோட்டு கொடுத்தது. மார்புப் பையில் கம்பெனி முத்திரை. அதைப் போட்டதும் நேற்றுவரை "ஏய் குடக்காரி" என்றவர்கள் "நர்ஸம்மா" என்றார்கள். இவளும் ஒரே ஒரு வார்த்தையை மாற்றினாள். சாப்பாடு என்பதை விட்டுவிட்டு, "இது மருந்து மாதிரிம்மா" என்றாள். மருந்தென்றால் யாருக்கும் மானம் போகாது. பிள்ளைக்கு ஏதோ கோளாறு, அதற்கு மருந்து, அவ்வளவுதான். சாத்தியிருந்த கதவெல்லாம் திறந்தது. பெட்டி பெட்டியாக விற்றாள். மேனேஜர் எல்லார் முன்னாலும் கைதட்டினார்.

எதிர்ப்பக்கத்து இஸ்திரிக்காரிதான் எங்கள் தெருவில் முதலில் வாங்கியவள். அவளுக்கு ஒரே மகள், தத்தித் தத்தி நடக்கிற வயசு. சிட்டு என்று கூப்பிடுவோம். வண்டிக்கு அடியில் மூட்டைத் துணிமேல் உட்கார்ந்து, போகிறவர் வருகிறவர் செருப்பையெல்லாம் தொட்டுப் பார்க்கும். ஒரு பெட்டி மருந்து கொடுத்த நன்றிக்கு, இஸ்திரிக்காரி அந்தக் கோட்டைத் தினமும் தேய்த்துக் கொடுத்தாள். கூலி நீட்டினால் கோபம் வரும். "எம் பிள்ளையக் காப்பாத்த வந்த கோட்டாச்சேக்கா, இதுக்குப் போயி கூலியா?" என்பாள்.

காலையில் கிளம்பும்போது என் தம்பி பெண்டாட்டி வாசலிலிருந்தே கத்துவாள். "சிட்டுக்குக் குடுக்கறியாடி?"

"ஒரு வேள தவறாமக் குடுக்கறேங்கா!"

அதோடு இவள் அடுத்த தெருவுக்குப் போய்விடுவாள். கம்பெனி சொன்ன தெருக்கள் கொஞ்சமா நஞ்சமா?

ஒரு நாள் இஸ்திரிக்காரி சிட்டுவின் சட்டையை எடுத்துக்கொண்டு என் மெஷினுக்கு வந்தாள். "ரெண்டு பக்கமும் கொஞ்சம் புடிச்சுக் குடுங்கக்கா. தோள்ல நிக்கமாட்டேங்குது."

எனக்குச் சுருக்கென்றது. என் தம்பி பெண்டாட்டி சாப்பாட்டுக்கு வந்தபோது சட்டையை அவள் முன்னால் போட்டேன். "ஏண்டி, உன் பசையைத் தின்ற பிள்ளைக்குச் சட்டை பத்தாமப் போகணும். சிட்டு அம்மா சின்னதாக்கித் தரச் சொல்றா. என்னடி வித்த நீ?"

தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தாள். எச்சில் கையோடு தெருவைத் தாண்டி அவள் ஓட, பின்னால் நானும் ஓடினேன்.

"பெட்டி தீர்ந்திருக்குமே, ஏன் கேக்கல?" என்றாள்.

"இன்னும் மொதப் பாக்கெட்டே தீரலியேக்கா" என்று சிரித்த முகமாக இஸ்திரிக்காரி வண்டிக்கு அடியிலிருந்து தகரப் பெட்டியை எடுத்துத் திறந்தாள். பாக்கெட்டுகள் கலையாமல் இருந்தன. ஒன்று மட்டும் வாய் மடித்து, துணிக்கு மாட்டும் கிளிப் போட்டிருந்தது. பக்கத்தில் காய்ச்சல் மருந்தோடு வருகிற சின்னஞ்சிறு கரண்டி. "காலையில ஒரு கரண்டி, ராத்திரி ஒரு கரண்டி. எவ்வளவுன்னு நீங்க சொல்லல. மருந்தாச்சே, கூடிப் போனா ஆபத்தில்ல? பத்தியமும் சரியா இருக்கேன். பால் குடுக்கறதில்ல, முட்டை குடுக்கறதில்ல."

என் தம்பி பெண்டாட்டி வாயடைத்து நின்றதை அன்றுதான் பார்த்தேன். பிறகு தலையில் அடித்துக்கொண்டாள். "ஐயோ பாவி, அது சோறுடி! அது சோறுடி!"

அங்கேயே ஒரு பாக்கெட்டைக் கிழித்து சிட்டுவின் வாயில் வைத்தாள். பிள்ளை வாயைத் திறக்கவில்லை. உதட்டில் ஒட்டியதை நக்கக்கூட அதற்குத் தெம்பில்லை. உடம்பு கொதித்தது. ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனோம்.

குழாய் வைத்தார்கள். குடல் சுருங்கிவிட்டது, ஒரேயடியாக ஊட்டவும் முடியாது, காய்ச்சல் வேறு என்றார் டாக்டர். இஸ்திரிக்காரி அவர் பின்னாலேயே நடந்தாள். "டாக்டர், நான் ஒரு வேளகூட விடல டாக்டர். பால் வேணும்னு அழுதா, நான் குடுக்கல. மருந்து முறிஞ்சிடும்னு குடுக்கல." அந்த மனுஷன் வேறு கட்டிலுக்குப் போய்விட்டார். என் தம்பி பெண்டாட்டி கோட்டைக் கழற்றிச் சுருட்டித் தூணுக்குப் பின்னால் ஒளித்துவைத்தாள். அதைப் பார்த்து நர்ஸென்று நினைத்து ஒரு அம்மா தன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அவளிடம் வந்ததுதான் காரணம்.

சிட்டு பிழைக்கவில்லை. அந்தச் சட்டையை நான் பிடித்துத் தைக்கவேயில்லை, தொளதொளவென்றே போட்டு அனுப்பினோம்.

மேனேஜர் வந்தார். நிஜமாகவே கண் கலங்கினார். கலங்கிய கண்ணோடு, "பாக்கெட்லயே தெளிவா அச்சடிச்சிருக்கேம்மா" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் கத்திரிக்கோலைத் தூக்கியிருப்பேன். "படிக்கத் தெரிஞ்ச வீடாத் தேடித்தான் சந்துக்குள்ள அனுப்புனீங்களா? கூடைக்காரி வாய்தானே வேணும்னு வந்தீங்க?" என்றேன். மேலே பேசிச் சொல்கிறேன் என்று போனார். மேலே எவ்வளவு உயரமோ, பதில் வரவில்லை.

விற்ற வீடுகள் எத்தனை! எந்தெந்தத் தகரப் பெட்டியில், எந்தெந்தக் கரண்டியோடு கிடக்கிறதோ! அதை நினைத்து அவளால் உட்காரவும் முடியவில்லை, படுக்கவும் முடியவில்லை. கோட்டை என் வெட்டுத்துணி மூட்டையில் எறிந்துவிட்டு, பழைய புடவையோடு வீடு வீடாகப் போனாள். மருந்தில்லை, சாப்பாடு, முழுசாகக் கொடுங்கள், பால் கொடுங்கள், முட்டை கொடுங்கள் என்று தொண்டை கிழியக் கத்தினாள்.

வெயில் சாயத் திரும்பி வந்தவள் வாசலிலேயே சரிந்து உட்கார்ந்தாள். "யாரும் கேக்கலண்ணி. 'நர்ஸம்மா மருந்துன்னு சொல்லியிருக்காங்க, கரண்டியிலதான் குடுப்போம், நீ யாரு நடுவுல'ன்னு கேக்கறாங்க. நாந்தான் அந்த நர்ஸம்மான்னா சிரிக்கறாங்க. ஒருத்தி கிளிப்பைக் கழட்டிக் காட்டுனா, பாதிகூடத் தீரல. அந்தப் பிள்ளைக்குக் கழுத்தே நிக்கல அண்ணி." புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டாள்.

எதிர்ப்பக்கம் வண்டி பல நாளாக மூடிக்கிடந்தது. அதன்மேல் சாய்ந்தபடி இஸ்திரிக்காரி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். எழுந்து வந்தாள். என்னைப் பார்க்காமல் மூட்டையைக் கிளறி அந்தக் கோட்டை உருவினாள். எரிக்கத்தான் எடுக்கிறாள் என்று நினைத்தேன். தடுக்கவும் இல்லை.

வண்டிப் படுதாவை விலக்கி, இஸ்திரிப் பெட்டியில் கரி போட்டு ஊதினாள். கோட்டில் தண்ணீர் தெளித்து, கழுத்துப்பட்டி, கை, பை, முத்திரை என்று ஒவ்வொன்றாகத் தேய்த்தாள். தேய்த்து முடித்துத் தெருவைத் தாண்டி வந்து என் தம்பி பெண்டாட்டியை எழுப்பி நிறுத்தினாள்.

"போட்டுக்கங்கக்கா. இதைப் பாத்தாத்தான் கேப்பாங்க. நான் கேக்கலியா?"

இவள் கையை நீட்டவே மாட்டேனென்றாள். இஸ்திரிக்காரிதான் கையைப் பிடித்து ஒவ்வொன்றாக உள்ளே நுழைத்து, பொத்தான் போட்டுவிட்டாள்.

"மொதல்ல அந்தக் கழுத்து நிக்காத பிள்ள வீட்டுக்குப் போங்க" என்றாள்.