சாமிக்கு வந்த வேன்

அக்கா கல்யாணத்துக்கு ஆள் எண்ணும் வேலையை அப்பா எனக்குக் கொடுக்கவில்லை, நானேதான் பிடுங்கிக்கொண்டேன். மதுராந்தகத்தில் உரக்கடை வைத்திருந்த அவர் மூட்டைகளைப் பார்வையாலேயே எண்ணிவிடுவார். சொந்தக்காரர்களை எண்ணினால் மட்டும் ஒவ்வொரு முறையும் ஒரு கணக்கு வரும்.

கல்யாணம் மாமல்லபுரத்தில். ஊர் ஊராக வேன் அனுப்ப வேண்டும். அண்ணன் கல்யாணத்தில் வேனில் இடம் போதாமல், அச்சரப்பாக்கத்துச் சித்தப்பா குடும்பத்தோடு ஜி.எஸ்.டி. ரோட்டிலேயே நின்றுவிட்டார். அதற்குப் பிறகு அவர் எங்கள் வாசற்படியை மிதிக்கவில்லை. அக்காதான் நேரில் போய் அழுது, தன் கல்யாணத்துக்கு வரச் சம்மதம் வாங்கியிருந்தாள். இந்த முறையும் இடமில்லை என்றால் அப்பாவுக்கும் அவருக்கும் அண்ணன் தம்பி உறவு அத்தோடு சரி.

நான் அப்போது பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். இரண்டாயிரத்துக்குப் பிந்தைய முதல் வருடங்கள். ஏதோ கம்ப்யூட்டர் பத்திரிகையோடு வந்த சி.டி.யில் பைத்தான் என்ற நிரல்மொழி இருந்தது. அதை வைத்து எதையாவது செய்துவிட வேண்டும் என்று கை அரித்துக்கொண்டிருந்தது.

பட்டியலை நோட்பேடில் அடித்தேன். முதல் கல்யாணப் பத்திரிகை சாமிக்கு என்பதால் முதல் தலைப்பு ‘கோயில்’. அதன் கீழே குலதெய்வம், தெருமுனைப் பிள்ளையார் என்று பத்திரிகை வைத்த சாமிகள் எல்லாம். பிறகு அச்சரப்பாக்கம், கல்பாக்கம், செங்கல்பட்டு. நம்மை நாமே முன்னால் போட்டுக்கொள்வது அழகில்லை என்று அப்பா சொன்னதால் கடைசித் தலைப்பு ‘நம்ம வீடு’. ஒவ்வொரு தலைப்புக்கும் முன்னால் ஒரு # குறி. மற்றபடி ஆளுக்கு ஒரு வரி.

வரி வரியாகப் படி, ஆளுக்கு ஒன்று கூட்டு, அடுத்த # வந்ததும் அதுவரை கூட்டியதை முந்தைய தலைப்போடு எழுதிவிட்டு மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கு. இவ்வளவுதான் நான் எழுதிய நிரல். முதல் ஓட்டத்தில் காலி வரிகளையும் ஆளாக எண்ணித் தொலைத்தது. திருத்திவிட்டு மறுபடி தட்டினேன். ஊரும் எண்ணிக்கையும் சடசடவென்று திரையில் விழுந்தன! நான் கத்திய கத்தலில் பக்கத்து அறையில் டைப் அடித்துக்கொண்டிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அன்று எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

அச்செடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்ததும் அப்பா அச்சரப்பாக்கத்தை மட்டும் விரல் விட்டு எண்ணினார். சரியாக இருந்தது. “மெஷினு கரெக்டாத்தான் சொல்லுது” என்று தாளை அப்படியே வேன்காரரிடம் கொடுத்துவிட்டார்.

பெண் அழைப்பு அன்று சாயங்காலம் எங்கள் தெருமுனை வழியாக அச்சரப்பாக்கத்து வேன்கள் ஹாரன் அடித்துக்கொண்டு போயின. முதல் வேனில் ஜன்னலோரம் சித்தப்பா! அக்கா பட்டுப்புடவையோடு வாசலில் நின்று இரண்டு கையையும் ஆட்டினாள்.

“அதெல்லாம் சரி, நம்ம வண்டி எங்கடி?” என்றாள் அம்மா என்னிடம்.

அப்பா வேன்காரருக்குப் போன் போட்டார். “பேப்பர்ல கீற எல்லா எடத்துக்கும் வண்டி பூட்ச்சி அண்ணாத்த. உங்க வூடு அதுல இல்லியே!”

என் பிரதியை எடுத்துப் பார்த்தேன். ‘நம்ம வீடு’ இல்லவே இல்லை. அடுத்த தலைப்பு வந்தால்தான் என் நிரல் முந்தையதை எழுதும். கடைசித் தலைப்புக்கு அடுத்தது ஏது? எல்லோருடைய கண்ணும் அச்சரப்பாக்கத்தின் மேலேயே இருந்ததில் கல்யாணப் பெண் கணக்கில் விடுபட்டதை யாரும் கவனிக்கவில்லை. மண்டபத்தில் மாப்பிள்ளை வீட்டார் ஆரத்தியோடு காத்திருப்பார்கள். முகூர்த்த நாளில் வேறு வண்டிக்கு எங்கே போவது?

அக்கா என் கையிலிருந்த தாளைப் பிடுங்கினாள்.

“கோயில்னு போட்டுகீது பாரு. அந்த வண்டி எங்க நிக்குது?”

புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவள் முன்னால் ஓட, நாங்கள் சீர்த்தட்டுகளோடு பின்னால் ஓடினோம். பிள்ளையார் கோயில் வாசலில் காலி வேன் ஒன்று சாமிகளுக்காகக் காத்துக்கொண்டிருந்தது. டிரைவர் எங்களைப் பார்த்ததும் எழுந்தார்.

“எம்மா நேரமா நிக்கறது? ஒருத்தரையும் காணோம், பேஜாராப் பூட்ச்சி!”

அக்கா பிள்ளையாரைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு முன் சீட்டில் ஏறினாள். திருக்கழுக்குன்றம் தாண்டும்வரை சிரித்துக்கொண்டே வந்தோம். நான் மட்டும் நடுநடுவே உள்ளங்கையில் எழுதிப் பார்த்துக்கொண்டேன். விட்டுப்போனது ஒரே ஒரு கட்டளைதான்: வரிகள் தீர்ந்ததும் கையில் மிச்சம் இருப்பதையும் எழுது.

நாங்கள் நின்றுபோன சேதி எங்களுக்கு முன்பே மண்டபத்துக்குப் போய்விட்டிருந்தது. வாசலில் சித்தப்பா நின்றிருந்தார். வேன் கதவைத் திறந்து, அத்தனை வருடமாகப் பேசாத அப்பாவுக்குக் கை கொடுத்து இறக்கினார்.

“இன்னாண்ணே, எங்கள ஏத்திவுட்டுட்டு இந்தவாட்டி நீ நின்னுட்டியா?”

அப்பா சிரிக்கத்தான் பார்த்தார். அதற்குள் அழுதுவிட்டார்.