ஊரெல்லாம் மாமா

"இனி இவள அனுப்பல டீச்சர்," என்றாள் எப்சிபா.

சங்கரன்கோவிலில் சிறப்புப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கும் கனகமணிக்குத் திக்கென்றது. எப்சிபாவின் மகள் ஜெனிபாவுக்குப் பதினாறு வயது. புத்தி மட்டும் மெதுவாக வளர்கிறது. கரிவலம்வந்தநல்லூரிலிருந்து வரும் பஸ்ஸில் முன்பின் தெரியாத ஒருவனைக் கட்டிப்பிடித்துவிட்டாள். அந்த ஆளும் விடாமல் தோளில் கை போட்டிருக்கிறான்.

"ஒரு மாசம் டைம் தாங்க. சரியாகலேன்னா அப்புறம் நிறுத்திக்கிடுங்க."

தரையில் சாக்பீஸால் வட்டம் போட்டாள் கனகமணி. வீட்டு ஆட்களின் போட்டோவை உள்ளே வைக்கணும், மற்றவர்கள் போட்டோவை வெளியே. ஜெனிபா பேக்கரிக்காரரையும் கண்டக்டரையும் உள்ளே வைத்தாள்.

"யாருட்டி இவங்கல்லாம்?"

"மாமா."

கனகமணிக்கு அப்போதுதான் உறைத்தது. கண்ணில் படுகிற ஆம்பளையை எல்லாம் மாமாவாக்கி, "மாமாவுக்கு முத்தம் குடு" என்று பிள்ளையை நீட்டுவது யார்? நாம்தான். மூன்று வயதில் கைதட்டி ரசித்துவிட்டுப் பதினாறு வயதில் தலையில் அடித்துக்கொள்கிறோம். நல்ல நியாயம்!

அன்று சாயங்காலமே பேக்கரி, ஆட்டோ ஸ்டாண்டு, பஸ் ஸ்டாண்டு என்று ஏறி இறங்கினாள். "ஜெனிபாவைக் கன்னத்துல தட்டாதீங்க. வணக்கம் சொல்லுங்க, போதும்."

"சின்னப்புள்ளைக்குப் போயி வணக்கமா டீச்சர்?" என்று சிரித்தார் கண்டக்டர் இசக்கித்துரை.

"அவ சின்னப்புள்ள இல்ல அண்ணாச்சி."

அவர் சிரிப்பு அடங்கியது. மறுநாள் முதல் அவரே முந்திக்கொண்டு கும்பிட்டார். வகுப்பிலும் தினம் அதே பாடம்: தொடுவதற்கு முன்னால் கேட்கணும், வேண்டாம் என்றால் விட்டுவிடணும், உனக்கும் வேண்டாம் என்று சொல்லலாம். சொல்லிச் சொல்லிக் கனகமணிக்குத் தொண்டை கட்டியதே தவிர அலுப்புத் தட்டவில்லை. அப்படி ஒரு பொம்பளை.

மாதக் கடைசியில் எப்சிபா மகளோடு வந்தாள். வரும்போதே முகம் மலர்ந்திருந்தது. பஸ்ஸில் ஒருவன், "மாமா பக்கத்துல வாட்டி," என்று கையைப் பிடித்தானாம். ஜெனிபா கையை உருவிக்கொண்டு, பஸ்ஸே திரும்பிப் பார்க்கும்படி, "தொடாதீங்க," என்றாளாம். இசக்கித்துரை அவனை அங்கனயே இறக்கிவிட்டாராம்.

"நாளைக்கும் அனுப்புதேன் டீச்சர்."

கனகமணிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஜெனிபாவிடம் ஓடினாள். ஜெனிபா ஓர் எட்டு பின்னால் போனாள்.

"கேக்கணும் டீச்சர்."

கனகமணி அப்படியே நின்றுவிட்டாள். வெட்கமாக இருந்தது, பெருமையில் கண்ணும் நிறைந்தது.

"கட்டிக்கிடட்டுமா மக்கா?"

ஜெனிபா அவசரப்படாமல் யோசித்தாள்.

"இன்னைக்கு வேண்டாம்."

கனகமணி விரித்த கைகளைச் சேர்த்து அவளுக்கு வணக்கம் சொன்னாள்.