கை சுட்டபோது சந்தோஷப்பட்டேன்

எங்கள் நிலத்துக் குழியில் டவுன் குப்பையைக் கொட்டச் சொன்னது நான்தான். பழியை வேறு யார்மேலும் போட முடியாது.

முன்பெல்லாம் ஓசூர்ச் சந்தை முடிந்ததும் குப்பை அள்ள மாட்டு வண்டியோடு போவேன். கோஸ் இலை, வாழைச் சருகு, சாம்பல், சாணி, வேறென்ன கிடக்கும்? கர்நாடகத்துப் பக்கத்து ஆட்களும் வருவார்கள். அவர்கள் கன்னடத்தில் திட்ட, நாங்கள் தெலுங்கில் திட்ட, எல்லாம் அந்தக் குப்பைக்காக. அப்போது என் வலத்து மாட்டுக்கு ஒரு கொம்புதான். எவ்வளவு ஏற்றினாலும் இழுக்கும். அந்தக் குப்பையைப் போட்ட வருஷம் ராகி இடுப்பளவு நின்றது.

அந்த நினைப்பில்தான், டவுன் குப்பை அள்ளும் டிராக்டர்க்காரர் வந்து, "பெரியப்பா, குப்பக் கிடங்கு ரொம்பிப் போச்சு. உங்க குழியில கொட்டிக்கட்டுமா?" என்றதும், "தெனமும் கொண்டாப்பா" என்றேன்.

பிளாஸ்டிக் பை, மருந்து பாட்டில், கம்பெனியில் எண்ணெய் துடைத்த பஞ்சு, பேட்டரி என்று வந்து விழுந்தது. மண்ணைப் போட்டு மூடினால் மக்கிவிடும் என்று இருந்துவிட்டேன்.

எருக்குழிக்குள் முழங்கை வரை கையை விட்டுப் பார்ப்பது எங்கள் வழக்கம். சூடாக இருந்தால் எரு வேகிறது என்று அர்த்தம். மாசியில் கையை விட்டேன். சுட்டது. வீட்டுக்காரியைக் கூப்பிட்டேன்.

"இந்த வருஷம் யூரியா வாங்க வேணாம்டி."

அவள் இளைப்புக்காரி. முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். "எருவாய்யா இது? நாத்தம் மூச்ச அடைக்குது."

"உனக்கென்ன தெரியும், போ."

பத்து நாளில் புகை வந்தது. குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினேன். ஒரு பக்கம் அடங்கினால் மறுபக்கம் வெடித்துப் புகைந்தது. அவளை இரண்டு தடவை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். தீயணைப்புக்காரர் கம்பியை விட்டுப் பார்த்தார்.

"தாத்தா, அடியில தீ பரவிடுச்சு. மொத்தமும் தோண்டினாத்தான் ஆறும். இல்லாட்டி மாசக்கணக்கா புகையும். அதுவரைக்கும் பாட்டி இங்க இருந்தா உசுருக்கு ஆபத்து."

தோண்ட மிஷின் கேட்டு முனிசிபாலிட்டி ஆபீசுக்கு நடந்தேன். "உங்க பட்டா நிலம், நீங்க கொட்டச் சொன்னது" என்று திருப்பி அனுப்பினார்கள்.

மகள் இருப்பது அஞ்செட்டிக்கு மேலே, மலைக் கிராமத்தில். அங்கே புகை கிடையாது. ஆனால் மூச்சு முட்டினால் ஓடுவதற்கு ஆஸ்பத்திரியும் கிடையாது, பஸ்ஸும் எப்போதாவதுதான். எதற்குப் பயப்படுவது என்றே தெரியவில்லை. கடைசியில் அவளைக் கைத்தாங்கலாக மகள் ஊர் பஸ்ஸில் ஏற்றினேன்.

ஜன்னல் வழியே கேட்டாள். "எத்தினி நாளுய்யா?"

"ஒரு வாரம்" என்றேன்.

"பொய் சொல்றப்போ மூஞ்சியப் பாத்து சொல்லு" என்றாள். பஸ் கிளம்பிவிட்டது.