விரல் விடும் இடம்

புருவ மயிர் எடுக்கிற நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்து, மற்றதை இரண்டு கைகளிலும் முறுக்கிக்கொண்டு, நிலாணி தலையால் சைகை காட்டுகிறாள். நாற்காலியில் சாய்ந்திருப்பவர் உடனே ஒரு விரலைப் புருவத்துக்கு மேலும் மற்ற விரலைக் கண்மடலிலும் வைத்துத் தோலை இழுத்துப் பிடிக்க வேண்டும். பிடி தளர்ந்தால் நூல் தோலை வெட்டிவிடும். "நல்லா இழுத்துப் பிடியுங்கோ அன்ரி, என்ன நடந்தாலும் விடாதேங்கோ" என்று நூலைக் கடிக்க முன்னரே சொல்லிவிடுவாள். பிறகு சுண்டுவிரலால் தட்டில் கிடக்கும் கைபேசியைத் தொடுவாள். அதிலிருந்து அவளுடைய குரலே அவள் எழுதிய கதையைச் சொல்லத் தொடங்கும்.

கனடாவில், அஜக்ஸ் நகரில் அவளுடைய வீட்டுப் பேஸ்மென்ற், அந்த நிலக்கீழ் அறைதான் கடை. பக்கக் கதவால் இறங்கி, சப்பாத்தைப் படியில் கழற்றிவிட்டுப் போக வேண்டும். நான் போவது நாடியில் முளைக்கிற மயிருக்காக. "இந்த வயதில உது தேவையோ மாமி?" என்று மருமகன் றோய் கேட்பார். தேவைதான். எனக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. இதையும் நான் சொல்லச் சொல்லப் பேத்தி அட்சயாதான் எழுதுகிறாள். ஆனால் நிலாணியின் தொடர்கதையை லண்டனிலும் பாரிசிலும் இருந்து இணையத்தில் வாசிக்கிற சனத்துக்கு முன்னால் நான் கேட்டுவிடுகிறேன். அந்த மிதப்பு எனக்கு உண்டு.

தொடர்கதை எழுதுகிற மற்றவர்கள் அத்தியாயம் போடுவதற்குக் கிழமையில் ஒரு நாளை வைத்திருக்கிறார்களாம். நிலாணியின் கணவர் கஸ்பரும் அதைத்தான் சொல்லி அலுத்துப்போனார். "வெள்ளி பின்னேரம் போடுமப்பா. சனம் வேலையால வந்து சோபாவில சரியேக்க வாசிக்கும்."

"வெள்ளிக்கிழமைக்கு என்ர கதையைப் பற்றி என்ன தெரியும்?" என்பாள் இவள்.

அவள் பார்ப்பது விரலை. கதை ஓடிக்கொண்டிருக்கும், நூல் சரசரவென்று போகும், அவளுடைய கண் மட்டும் நாற்காலியில் இருப்பவரின் விரலில் நிற்கும். கேட்பவர் தன்னை மறந்து விரலை விட்டால், விட்ட அந்த இடத்திலேயே நூலும் நின்றுவிடும். ஒருவருக்கும் தோல் வெட்டி நான் காணவில்லை. விரல் விட்டால்தான் அந்த அத்தியாயம் வெளியே போகலாம். விரல் கடைசிவரை பிடித்த பிடியிலேயே இருந்தால், "இன்னும் அவியேல்லை" என்று திரும்பவும் எழுத எடுத்துவிடுவாள். வாய்ப் புகழ்ச்சி அவளிடம் செல்லாது. "கேட்டால் எல்லாரும் சூப்பர் எண்டுதான் சொல்லுவினம் ஆச்சி. கண்ணீரையும் நம்பேலாது. நூல் இழுக்கிற நோவுக்கும் கண்ணீர் வரும்."

ஒருமுறை ஸ்டெபனி என்ற பெட்டை, கதையில் ஒருவன் உறைபனியில் வழுக்கி விழுந்த இடத்தில், இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டு எழும்பிவிட்டாள். "ஓ மை கோட் அன்ரி, ஹீ இஸ் டெட்?" பாதிப் புருவத்தோடு நின்றவளைப் பார்த்து நிலாணி நூல் கடித்த வாயால் சிரித்தாள். ஸ்டெபனி வீடு போய்ச் சேர முன்னர் அத்தியாயம் வெளியாகிவிட்டது. எழுதுகிறவர்கள் கெட்டிக்காரர்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். இன்னொருத்தியின் விரல் தளரும்வரை காத்து நிற்கிற பொறுமை எங்கிருந்து வருகிறது என்றுதான் எனக்கு விளங்கவில்லை.

அப்படிப்பட்டவள் ஒரு அத்தியாயத்தைப் பனிக்காலம் தொடங்கியதிலிருந்து வைத்துக்கொண்டே இருந்தாள். கேட்ட எல்லாருடைய விரலும் விட்டது. என்னுடையதும் விட்டது, நாடியையும் இழுத்துத்தான் பிடிக்க வேண்டும். கதையில் தங்கைக்காரி ஒரு வேதக்காரப் பையனைக் கட்டுகிறாள். அக்கா கோபத்தில் கலியாணத்துக்கு வரவில்லை. தேவாலயத்தால் வெளியே வந்து காரில் ஏறுகிறபோது தங்கை காண்கிறாள்: எதிர்ப்பக்க பஸ் தரிப்பில், கொட்டுகிற பனிக்குள், மண்ணிறக் கோட்டுப் போட்டுக்கொண்டு அக்கா நிற்கிறாள். பஸ் வந்து போகிறது. அக்கா ஏறவில்லை. தங்கையும் காரை நிறுத்தச் சொல்லவில்லை.

"போடன் பிள்ளை, எத்தினை சனம் கேக்குது" என்று நான் சண்டை பிடித்தேன். கதை போடுகிற இணையத் தளத்தில் முன்னுக்கு நின்றவள் எங்கேயோ பின்னுக்குப் போய்விட்டதை அட்சயா எனக்குக் காட்டியிருந்தாள். நிலாணி நூலைக் கீழே வைத்தாள்.

"அது நடந்தது ஆச்சி. நான் கண்டது அக்காவுக்குத் தெரியாது. அந்தக் கலியாணத்துக்கு வரவே இல்லை எண்டு இவ்வளவு காலமும் தலையை நிமித்திக்கொண்டு திரியிறா. கதையில வாற அக்கா ஆரெண்டு சொந்தம் முழுக்கத் தெரியும். போட்டனெண்டால் அவவுக்கு வெளியில முகம் காட்டேலாது. முதல் அவ அதைத் தன்ர காதால கேக்கோணும்."

"ரெலிபோனில சொல்லன்."

"வெட்டிப்போடுவா. இந்த நாற்காலியில இருந்தால் எழும்பி ஓடேலாது. ஒரு புருவம் முடிஞ்சிருக்கும்."

நான் நாற்காலியில் திரும்பவும் சாய்ந்து நாடியை நிமிர்த்திக் கொடுத்தேன்.

சித்திரையில் அக்காவின் மகனுக்குக் கலியாணம் வந்தது. பெரிய விசேஷங்களுக்கு மட்டும் புருவம் எடுக்கிற அந்த அக்கா, இராஜேஸ்வரி, றிச்மண்ட் ஹில்லில் இருந்து வந்து நாற்காலியில் சாய்ந்தார். நான் என் முறைக்காக மூலையில் இருந்தேன். போகச் சொல்லியிருந்தாலும் போயிருக்க மாட்டேன்.

"மெல்லிசா எடடி. போன முறை கோழி உரிச்ச மாதிரி உரிச்சுப்போட்டாய்."

"சரி அக்கா. இழுத்துப் பிடியுங்கோ."

இடது புருவம் முடிந்தது. வலதுக்கு விரல்கள் மாறின. நிலாணி கைபேசியைத் தொட்டாள். தேவாலயம் வந்தது. பஸ் தரிப்பு வந்தது. நூல் ஓடவே இல்லை. அதைக் கடித்தபடி அவள் நின்றாள். இராஜேஸ்வரியின் விரல்கள் விடவில்லை. நகம் வெளுக்க இன்னும் இறுக்கிப் பிடித்தன. எத்தனையோ விரல்களைப் பார்த்தவள், இந்த இரண்டுக்கும் என்ன அர்த்தம் என்று தெரியாமல் என்னைத் திரும்பிப் பார்த்தாள். எனக்கென்ன தெரியும்?

கதை முடிந்தது.

"கோட்டு மண்ணிறமில்லையடி" என்றார் இராஜேஸ்வரி, கண்ணைத் திறக்காமல். "கறுப்பு. மண்ணிறம் உனக்கெல்லோ வாங்கித் தந்தனான்."

நிலாணியின் வாயிலிருந்து நூல் விழுந்தது. கைபேசியை எடுத்து ஒரு சொல்லை அழித்து, இன்னொன்றைத் தட்டினாள். அத்தியாயத்தை வெளியே அனுப்புகிற பச்சைப் பொத்தான் திரையில் வந்தது. எத்தனையோ தரம் அதை அவள் அமத்தியதைப் பார்த்திருக்கிறேன். அன்று அமத்தவில்லை. அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

புருவத்துக்கு மேலே இருந்த விரல் மெல்ல விட்டது. மூடிய கண்ணோடு இராஜேஸ்வரி அதைக் காற்றில் நீட்டினார்.

"எங்கயடி அமத்திறது?"

நிலாணி கைபேசியைக் கொண்டுபோய் அந்த விரலுக்குக் கீழே பிடித்தாள்.